மவுண்டன் பைக்: இருப்பதை மேம்படுத்துவதா, மாற்றிவிடுவதா?

கையில் ஒரு மவுண்டன் பைக் இருக்கிறது. ஏற்றத்தில் கியர் சரியாக விழவில்லை, இறக்கத்தில் பிரேக்கை நம்ப முடியவில்லை, கல்லும் வேருமான பாதையில் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு கால்கள்) அமுங்காமல் கையை உதறவைக்கிறது. பணமோ அளவாகத்தான் இருக்கிறது. கடைக்குப் போனால் புது சைக்கிளைக் காட்டுவார்கள். கூட ஓட்டுகிறவர்களைக் கேட்டால் "ஃபோர்க்கை மட்டும் மாத்து, போதும்" என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்பதற்கு முன்னால் பிரேமை, அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் சட்டத்தை, பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பிரேமின் அளவு, அதன் கோணம், அது எந்த ஃபோர்க்கை ஏற்கும், எந்தச் சக்கரத்தை ஏற்கும் என்பதெல்லாம் அது செய்யப்பட்ட அன்றே முடிவானவை. பிரேம் தகுதியுள்ளது என்றால் அதில் போடும் பணம் வீணாகாது. இல்லையென்றால் எவ்வளவு நல்ல பாகம் போட்டாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும்.

1. குறையை எழுதிவையுங்கள்

ஒரு தாளில், ஓட்டும்போது உங்களுக்கு இடைஞ்சலாக இருப்பதை எழுதுங்கள். "பழசாகிவிட்டது", "கனமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது செயின் நழுவுகிறது. ஈரமான வளைவில் முன்சக்கரம் வழுக்குகிறது. நீண்ட இறக்கத்தின் முடிவில் விரல்கள் மரத்துப்போகின்றன. சீட் இடிப்பதால் உடலைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை.

இப்படி எழுதினால் குறைகள் தாமாகவே மூன்று வகையாகப் பிரியும். செயின் நழுவுவது, பிரேக் கிறீச்சிடுவது, கியர் தானாக மாறுவது எல்லாம் பெரும்பாலும் பராமரிப்புக் குறைகள். டயர் பிடிக்காதது, ஃபோர்க் விறைத்து நிற்பது, சின்ன கியர் போதாதது எல்லாம் பாகத்தின் குறைகள். சைக்கிள் உங்கள் உயரத்துக்கே சிறியது, இறக்கத்தில் முன்பக்கமாகத் தூக்கி எறிந்துவிடும் போல இருக்கிறது என்பவை பிரேமின் குறைகள். முதல் வகைக்குச் சர்வீஸ் போதும், இரண்டாவதுக்குப் பாகம் வேண்டும், மூன்றாவதுக்கு வேறு சைக்கிள்தான் வழி.

2. சர்வீஸுக்கு முன் முடிவெடுக்காதீர்கள்

கேபிள் துருப்பிடித்த, கிரீஸ் காய்ந்த சைக்கிளை வைத்துக்கொண்டு "இந்த டிரெயிலியர் மட்டம்" என்று, செயினைப் பற்சக்கரத்துக்குப் பற்சக்கரம் நகர்த்தும் அந்தப் பாகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. கியர் கேபிளையும் அதன் உறையையும் புதிதாகப் போட்டு, டிரெயிலியர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருந்தால் நிமிர்த்திவிட்டாலே பல கியர் புகார்கள் அத்துடன் தீரும். இரண்டுமே மலிவான வேலைகள்.

செயினை நீங்களே அளக்கலாம். இன்ச் குறித்த ஸ்கேலின் சுழியத்தை செயினின் ஒரு பின்னின் (கண்ணிகளை இணைக்கும் ஊசியின்) நடுவில் வையுங்கள். புதிய செயின் என்றால் 12 இன்ச் கோட்டில் இன்னொரு பின் சரியாக உட்காரும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி 1/16 இன்ச் நகர்ந்திருந்தால் தேய்மானம் ஏறக்குறைய 0.5 சதவீதம். 1/8 இன்ச் என்றால் 1 சதவீதம். 11, 12 ஸ்பீடு (பின்னால் அத்தனை பற்சக்கரங்கள்) செயினை 0.5 வந்ததுமே மாற்ற வேண்டும். 8 முதல் 10 ஸ்பீடு வரை உள்ளவற்றை 0.75 வரை ஓட்டலாம். 1 சதவீதத்தைத் தாண்டி ஓட்டியிருந்தால் கேசட்டின் (பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கின்) பற்களும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பற்களில் நழுவும். செயின், கேசட், முன்பற்சக்கரம் மூன்றும் ஒன்றாகத் தேய்ந்து நிற்கிறது என்றால் அதைக் குறித்துவையுங்கள். மேம்படுத்துவதா மாற்றுவதா என்ற கேள்வியைக் கேட்கச் சரியான நேரம் அதுதான். எப்படியும் செலவு செய்தே தீர வேண்டிய கட்டம் அது.

டிஸ்க் பிரேக்கில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடில் எண்ணெய் பட்டிருந்தால் சத்தமும் வரும், பிடிப்பும் போகும். பேடை மாற்றி, டிஸ்க்கை ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகிவிடும். டிஸ்க்கின் தடிமனையும் பாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5க்கு வந்தால் கழற்றிவிட வேண்டும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் லீவர் பஞ்சு போல் அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. பிளீட் செய்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால் போதும், பிரேக்கையே மாற்ற வேண்டியதில்லை. ஃபோர்க்கின் கீழ்க்காலைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றும் வேலையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யும்படி பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வாங்கியதிலிருந்து ஒருமுறைகூடச் செய்யாதவர்கள் ஏராளம். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, ஹப்பில் (சக்கரத்தின் நடுமையத்தில்) ஆட்டம் இருந்தால் இறுக்கி, கிரீஸ் வையுங்கள்.

அப்புறம் அதே பாதையில் சில முறை ஓட்டிவிட்டுத் தாளைத் திரும்ப எடுங்கள். மிச்சம் இருக்கும் வரிகள்தான் உண்மையான குறைகள்.

3. பிரேமைப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. சைக்கிளைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள்.

முதலில் விரிசல். ஹெட் டியூபும் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங், சீட் டியூபின் மேல் முனை, பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய இடம், பின் முட்கரண்டியின் வெல்டிங் இவற்றை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை போல் ஒரு கோடு இருந்து, நகம் அதில் சிக்கினால் அந்த சைக்கிளை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். அலுமினியப் பிரேமை வெல்டிங் செய்தால் மட்டும் போதாது, வெப்பப் பதப்படுத்தலும் திரும்பச் செய்தால்தான் பழைய வலு வரும். அந்தச் செலவு பட்ஜெட் சைக்கிளுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்டீல் பிரேம் என்றால் நல்ல கைகளில் சரிசெய்யலாம். கார்பனையும் அதற்கென்று இருக்கும் நிபுணர்கள் சரிசெய்கிறார்கள்.

அடுத்தது அளவு. நின்றுகொண்டு ஓட்டும்போது முழங்கால் ஹேண்டில்பாரைத் தொடுகிறதா? சீட்போஸ்ட்டை அதன் எச்சரிக்கைக் கோடு வரை உயர்த்தியும் கால் போதுமான அளவு நீளவில்லையா? அப்படியென்றால் பிரேம் உங்களுக்குச் சிறியது. நீளமான ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) போட்டுச் சமாளிக்கச் சொல்வார்கள். அது கைக்கு இடம் கொடுக்கும், ஆனால் இறக்கத்தில் எடையை முன்சக்கரத்தின் மேல் தள்ளி இன்னும் மோசமாக்கும். அளவு தவறான பிரேமில் ஒரு காசுகூடப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு, பிரேம் எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். பல நிறுவனங்கள் ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற தரநிலையின் வகைகளைக் கையேட்டிலோ பிரேமில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ குறிப்பிடுகின்றன. வகை 1 என்றால் சாலைக்கு மட்டும். வகை 2 மண், சரளைப் பாதைகளுக்கும் 15 செ.மீ. வரையான குதிப்புக்கும். வகை 3 கரடுமுரடான பாதைக்கும் 61 செ.மீ.க்குக் குறைவான குதிப்புக்கும். 4, 5 அதற்கும் மேலே. மவுண்டன் பைக்கைப் போன்ற தோற்றத்தில் விற்கப்படும் மலிவான சைக்கிள்களில் சில, கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல என்று தாங்களே எழுதி ஒட்டியிருக்கும். பாகங்களை மாற்றினால் இந்த வகை மாறாது.

இனி அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் டியூப் மேலும் கீழும் ஒரே தடிமனாக இருக்கிறதா, கீழே அகன்று வருகிறதா? கீழே அகன்றிருந்தால் இன்றைய டேப்பர்டு ஃபோர்க்குகள் உட்காரும். ஒரே தடிமனான பழைய 1⅛ இன்ச் குழாய் என்றால் நல்ல ஃபோர்க் கிடைப்பது அரிது. விதிவிலக்கு ஒன்று உண்டு. நேராக இருந்தாலும் உள்விட்டம் 44 மி.மீ. என்றால், கீழே வெளிப்புறக் கப் வைத்த ஹெட்செட் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மூலம் டேப்பர்டு ஃபோர்க்கைப் போட முடியும்.

பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேமில் ஹப் உட்காரும் இடைவெளியை அளந்து பாருங்கள். 135 மி.மீ. இருந்து, ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) திறந்த பள்ளத்தில் உட்கார்ந்தால் அது பழைய குவிக் ரிலீஸ் முறை. 142 மி.மீ. இருந்து, 12 மி.மீ. ஆக்சில் துளைக்குள் நுழைந்து மரையில் இறுகினால் த்ரூ ஆக்சில். 148 என்றால் பூஸ்ட், 2015 வாக்கில் பரவிய அளவு. இன்று நல்ல சக்கரங்கள் பெரும்பாலும் இதற்குத்தான் வருகின்றன. சில மலிவான சைக்கிள்களில் 141 மி.மீ. குவிக் ரிலீஸ் இருக்கும். அதைப் பார்த்து பூஸ்ட் என்று ஏமாறிவிடாதீர்கள், பூஸ்ட் த்ரூ ஆக்சில் சக்கரம் அப்படியே அதில் உட்காராது.

சக்கரம் கையில் இருக்கும்போதே பற்சக்கரத்தையும் பாருங்கள். பின்னோக்கிச் சுற்றும்போது, நடுவில் கருவி நுழையும் பல்வரிசையும் சேர்ந்து சுற்றினால் அது கேசட். பற்கள் மட்டும் சுற்றி, நடுப்பகுதி அசையாமல் நின்றால் அது மரையில் திருகிய ஃப்ரீவீல். ஃப்ரீவீல் ஹப்பில் வலதுபக்க பேரிங் ரொம்ப உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சிலின் அந்த முனைக்குத் தாங்கல் இல்லை. கரடுமுரடான பாதையில் அது வளையும், உடையவும் செய்யும். 7 ஸ்பீடு மலிவு சைக்கிள்களில் இதுதான் வழக்கம். கியரை மேம்படுத்த நினைத்தால் பின்சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

சக்கர அளவு 26 இன்ச்சா, 27.5ஆ, 29ஆ? பெரிய நிறுவனங்கள் 2013, 2014 வாக்கிலிருந்து 26ஐக் கைவிட ஆரம்பித்தன. டயரும் டியூபும் இன்னும் கிடைக்கும். நல்ல ஃபோர்க்கும் ரிம்மும் தேட வேண்டியிருக்கும். டிஸ்க் பிரேக் மாட்ட பிரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க் கனவை விட்டுவிடுங்கள். பிரேம், ஃபோர்க், இரண்டு ஹப் என்று எல்லாம் மாற வேண்டும். ரிம்மை அழுத்தும் வி-பிரேக்குக்கு நல்ல ரப்பரும் புதுக் கேபிளும் போட்டால் உலர்ந்த பாதையில் தாராளமாக நிற்கும். கடைசியாக, சீட்போஸ்ட்டின் விட்டம். 30.9 அல்லது 31.6 மி.மீ. என்றால் ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட் எளிதாகக் கிடைக்கும். 27.2இல் குறைவு.

4. எந்தப் பாகம் எவ்வளவு தரும்

செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் டயருக்கு நிகராக ஒன்றும் இல்லை. தரையைத் தொடுவது அது ஒன்றுதான். மலிவான சைக்கிளோடு வரும் கெட்டி ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு மென்மையான ரப்பரில், பிரேமில் பக்கத்துக்கு 5, 6 மி.மீ. இடைவெளி விடும் அளவுக்கு அகலமான டயரைப் போடுங்கள். முன்சக்கரத்துக்கு மட்டும் வாங்கப் பணம் இருந்தால் அதையாவது செய்யுங்கள், வளைவில் உங்களைக் காப்பாற்றுவது முன்டயர்தான். காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அழுத்தம், அவ்வளவும் அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதாக இருந்தால் அப்படியே மாற்றிவிடலாம். இன்னும் குறைந்த காற்றில் ஓட்டலாம், கல்லில் இடித்து டியூப் கிழிவதும் இருக்காது. துளையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கைப்பிடி, பெடல், சீட் மூன்றும் உடல் தொடும் இடங்கள். முள் வைத்த நல்ல தட்டைப் பெடல் கால் நழுவாமல் பிடிக்கும், எந்த சைக்கிளுக்கும் எடுத்துக்கொண்டு போகலாம்.

கேபிளால் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கிலிருந்து ஹைட்ராலிக்குக்கு மாறுவது அடுத்த நல்ல செலவு. ஒரே விரலால் பிடித்தால் போதும் என்பதால் நீண்ட இறக்கத்தில் கை ஓய்ந்துபோகாது. வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: மலிவு சைக்கிள்களில் பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே துண்டாக இருக்கும். பிரேக்கை மாற்றினால் ஷிஃப்டரும் தனியாக வாங்க வேண்டும். டிஸ்க்கை 160இலிருந்து 180 மி.மீ.க்குப் பெரிதாக்குவதும் பலன் தரும், பிரேமும் ஃபோர்க்கும் அதை அனுமதித்தால்.

டிராப்பர் போஸ்ட்டைப் பற்றித் தயக்கமில்லாமல் சொல்வேன்: இறக்கம் உள்ள பாதையில் ஓட்டுகிறவருக்கு டயருக்கு அடுத்து ஓட்டத்தையே மாற்றுவது இதுதான். கேபிளை வெளியே ஓட்டும் வகையும் உண்டு, பழைய பிரேமில் துளை இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

கியரில்தான் பணம் கரையும். முன்னால் ஒரே பற்சக்கரம், பின்னால் அகன்ற கேசட் என்ற அமைப்புக்கு மாற பற்சக்கரம், கேசட், டிரெயிலியர், ஷிஃப்டர், செயின் ஐந்தும் வேண்டும். 12 ஸ்பீடு மேல் ஆசை வருவது இயல்பு. ஸ்ராம் நிறுவனத்தின் ஈகிள் 2016இலும் ஷிமானோவின் 12 ஸ்பீடு 2018இலும் வந்தன. ஆனால் 10 பல்லில் தொடங்கும் அவற்றின் கேசட்டுகள் எக்ஸ்டி (XD), மைக்ரோ ஸ்ப்ளைன் என்ற தனி ஃப்ரீஹப்புகளில்தான் (ஹப்பில் கேசட் ஏறும் பகுதி) உட்காரும். உங்கள் பழைய ஹப்பில் இருப்பது ஷிமானோவின் பழைய எச்ஜி வகை என்றால், அதிலேயே போடக்கூடியதைத் தேடுங்கள். மைக்ரோஷிஃப்ட்டின் அட்வென்ட் 9 ஸ்பீடும் அட்வென்ட் எக்ஸ் 10 ஸ்பீடும் அப்படிப்பட்டவை. ஷிமானோ 2023இல் கொண்டுவந்த க்யூஸ் வரிசையும் எச்ஜி ஹப்பில் போகும், தேய்மானம் குறைவு. பட்ஜெட்டில் ஓட்டுகிறவருக்கு இவை மூன்றும் போதுமானவை என்பேன்.

ஃபோர்க்கைக் கடைசியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங் ஃபோர்க்கிலிருந்து நல்ல காற்று ஃபோர்க்குக்குப் போனால் வித்தியாசம் பெரியது, உங்கள் எடைக்கு ஏற்பக் காற்றடித்து, உட்கார்ந்ததும் 15 முதல் 20 சதவீதம் அமுங்கும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் விலையும் பெரியது. பிரேம் வடிவமைக்கப்பட்ட அளவுக்கு மேல் அதிக தூரம் அமுங்கும் ஃபோர்க்கைப் போடக் கூடாது. 20 மி.மீ. கூட்டினால் ஹெட் கோணம் சுமார் 1 டிகிரி சாயும், ஹெட் டியூபின் மேல் விழும் நெம்பும் விசையும் கூடும். நேர் ஹெட் டியூபுக்கென்று வாங்கும் ஃபோர்க் அடுத்த சைக்கிளுக்கு உதவப்போவதில்லை. பழைய பிரேமுக்கு விலையுயர்ந்த ஃபோர்க் வாங்குவது, சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால்பணம் என்ற கதைதான்.

5. கணக்குப் போடுங்கள்

அன்று சைக்கிளுக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்பதை மறந்துவிடுங்கள். அந்தப் பணம் திரும்பி வராது, இன்றைய முடிவுக்கு அது தேவையுமில்லை.

ஒரு பக்கம், தாளில் மிஞ்சிய குறைகள் அத்தனையையும் தீர்க்க வேண்டிய பாகங்களின் மொத்த விலையை எழுதுங்கள். கருவி, கேபிள், அடாப்டர், மெக்கானிக் கூலி எல்லாம் சேர வேண்டும். பாகத்தை ஒவ்வொன்றாக, மாதத்துக்கு ஒன்றாக வாங்கும்போது மொத்தம் கண்ணில் படாது. அதனால்தான் இப்போதே கூட்டிவிட வேண்டும். மறுபக்கம், அதே குறைகள் இல்லாத ஒரு சைக்கிளின் விலையை, பழையதோ புதியதோ, எழுதி அதிலிருந்து உங்கள் சைக்கிளை விற்றால் வரும் தொகையைக் கழியுங்கள். பழைய சைக்கிள் என்றால் முதல் சர்வீஸ் செலவைக் கூட்டுங்கள். தயாரிப்பாளர்கள் பாகங்களை மொத்தமாக வாங்குவதால், அதே பாகங்களை நீங்கள் சில்லறையில் வாங்கினால் மொத்தம் முழு சைக்கிளின் விலையையே தாண்டிவிடும்.

நான் வைத்திருக்கும் அளவு இது. முதல் தொகை இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் மேம்படுத்துங்கள். பாதியைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். நடுவில் நின்றால், வாங்கப்போகும் பாகங்களில் எவை அடுத்த சைக்கிளுக்கும் வரும் என்று பாருங்கள். பெடல், கைப்பிடி, சீட், பிரேக் பெரும்பாலும் வரும். சக்கர அளவு ஒன்றானால் டயர் வரும், விட்டம் ஒன்றானால் டிராப்பர் வரும். குவிக் ரிலீஸ் சக்கரமும் நேர் ஃபோர்க்கும் வராது. வரக்கூடியவை அதிகம் என்றால் மேம்படுத்தலாம்.

மூன்று சைக்கிள்களை வைத்துப் பார்ப்போம். ஒன்று, நேர் ஹெட் டியூப், ஃப்ரீவீல், ஸ்பிரிங் ஃபோர்க் உள்ள தொடக்கநிலை சைக்கிள். இதற்கு டயர், பெடல், சர்வீஸ். அத்துடன் நிறுத்திவிட்டு மீதிப் பணத்தைச் சேர்த்துவையுங்கள். இரண்டு, பத்து வயதான 29 இன்ச் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது), டேப்பர்டு ஹெட் டியூப், 142 மி.மீ. த்ரூ ஆக்சில், அளவு உங்களுக்குப் பொருந்துகிறது. இதை விடாதீர்கள், டிராப்பர், 10 ஸ்பீடு, ஃபோர்க் சர்வீஸ் செய்தால் இன்னும் பல வருடம் ஓடும். மூன்று, பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள பழைய 26 இன்ச். பின்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கும்போது மூட்டுகளில் ஆட்டம் தெரிந்து, ஷாக்கிலும் எண்ணெய் கசிந்தால், பேரிங்கும் ஷாக் சர்வீஸும் சேர்ந்து சைக்கிளின் மதிப்பைத் தின்றுவிடும். மாற்ற வேண்டியதுதான்.

6. மாற்றுவது என்று முடிவானால்

பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம் கொடுங்கள். சரியான அளவு, டேப்பர்டு ஹெட் டியூப், த்ரூ ஆக்சில், முடிந்தால் பூஸ்ட், டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம். இவை இருந்து கியர் மட்டும் சுமாராக இருந்தால் பரவாயில்லை, தேயும்போது நல்லதாகப் போட்டுக்கொள்ளலாம். பளபளக்கும் பின் டிரெயிலியரைக் காட்டிப் பழைய வகைப் பிரேமை விற்பது வழக்கம், அதில் விழ வேண்டாம். குறைந்த விலையில் முன், பின் இரண்டிலும் சஸ்பென்ஷன் உள்ளதைவிட, அதே விலைக்கு நல்ல ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் எப்போதும் மேல்.

பழையதை வாங்குவதாக இருந்தால், மேலே சொன்ன விரிசல் சோதனையை அப்படியே செய்யுங்கள். ஃபோர்க்கின் மேல்காலில் கீறலோ பூச்சுத் தேய்மானமோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதோடு நிற்காதீர்கள், அந்தக் கால்களை மாற்றுவது பெரும் செலவு என்பதால் விட்டுவிடுவது நல்லது. செயினை அளக்க ஸ்கேல் கொண்டுபோங்கள். வாங்கிய ரசீதைக் கேளுங்கள், பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் இருக்கும் வரிசை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு சைக்கிளாக இருக்கலாம், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய சைக்கிளை விற்கும்போது, நீங்கள் போட்ட நல்ல பாகங்களுக்கு யாரும் தனி விலை தரமாட்டார்கள். அதனால் முதலில் கழற்றிய பெடல், டயர், சீட்போஸ்ட் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள். விற்கும் நாளில் அவற்றைத் திரும்ப மாட்டி, நல்லவற்றை உங்கள் அடுத்த சைக்கிளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.